டிக்டேஷனில் இல்லாத வரி

பேய், பிசாசு, காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைப்பாள். அதை நான் மிதிக்காமல் தாண்டிப் போவது செருப்பு பிசுபிசுக்கும் என்பதற்காக மட்டும்தான். அதனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், என் முகமும் முன்பெல்லாம் அப்படித்தான் போகும். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது நடுராத்திரிச் சமாசாரம் இல்லை. மே மாத டெல்லியில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் அம்மா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்க நடந்தது.

என் பெயர் மலர். அப்பா ஒரு அமைச்சகத்தில் கார் ஓட்டினார். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், ஆனால் நான் பிறந்ததிலிருந்தே கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்தான். அப்பா ரிட்டயர் ஆக அப்போது பத்து மாதம் இருந்தது. ஆனதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஊரில் இருக்கிற ஓட்டு வீட்டில் சித்தப்பா குடும்பம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. ஆக, நான் வேலைக்குப் போனால்தான் மூன்று பேரும் இந்த ஊரில் தொடர்ந்து இருக்க முடியும் என்கிற நிலைமை. நான் கற்றுக்கொண்டது ஸ்டெனோகிராஃபி. எழுத்துத் தேர்வை இரண்டு முறை பாஸ் செய்து, இரண்டு முறையும் அதற்கப்புறம் வருகிற ஸ்கில் டெஸ்ட்டில் கோட்டை விட்டவள். வயது வரம்புப்படி மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

ஸ்கில் டெஸ்ட் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கேட்டால் சிரிப்பீர்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள். பத்து நிமிஷம் ஒரு ஆள் நிமிஷத்துக்கு நூறு வார்த்தை வேகத்தில் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே போவார். அதைப் பென்சிலால் சுருக்கெழுத்தில் நோட்டில் எடுக்க வேண்டும், பிறகு அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் முழுசாக டைப் அடிக்க வேண்டும். ஒரு வார்த்தை விட்டாலும் பிழை, படிக்காத வார்த்தையைச் சேர்த்தாலும் பிழை. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம். போன முறை அந்த சென்டரில் கொடுத்த ஹெட்போன் காதை முழுக்க மூடுகிற பெரிய சைஸ், மண்டையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால் புதைந்துவிட்டது. ஆறாவது நிமிஷம் வலி தாங்காமல் ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டேன், அந்த ஒரு நொடியில் இரண்டு வாக்கியம் போயே போய்விட்டது. ஒரு வருட உழைப்பு கண்ணாடிக் கம்பியால் போயிற்று என்று அழுகைக்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதே முடிவு செய்தேன், இனிமேல் அதே மாதிரி ஹெட்போனை வாங்கி, தினம் மாட்டி, காதையும் தலையையும் பழக்கிவிடுவது என்று. எதிர் பிளாக்கில் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துக்கொண்டிருந்தார்கள், காலை எட்டு மணிக்கு டிரில்லர் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். காதை மூடுகிற ஹெட்போன் அதற்கும் வேண்டியிருந்தது.

ரேகாவைக் கூட்டிக்கொண்டு நேரு பிளேஸுக்குப் போனேன். ரேகா மயூர் விஹார்க்காரி, டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவளும் ஸ்டெனோதான், என்னைவிட ஒரு வயது சின்னவள். வாரத்தில் மூன்று நாள் மெட்ரோவில் எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் ஒரே டிக்டேஷனை எடுத்து, நோட்டை மாற்றிக்கொண்டு, என் சுருக்கெழுத்தை அவளும் அவளுடையதை நானும் டைப் அடிப்போம். அப்போதுதான் கோடு எங்கே மழுப்பலாக விழுந்திருக்கிறது என்று தெரியும், நம் கிறுக்கலை நாமே படித்தால் மனசு நிரப்பிக்கொள்ளும்.

கடைக்காரருக்கு என்னைப் பிடிக்கவில்லை. முதலில் புளூடூத் ஒன்றை நீட்டினார். சார்ஜ் தீர்ந்தால் பாதியில் நின்றுபோகிற எதுவும் எனக்கு வேண்டாம் என்றேன். வயர் வைத்தது இன்றைக்கு யார் வாங்குகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினார். நான் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு மொபைலில் பத்து நிமிஷம் டைமர் வைத்து அப்படியே நின்றேன், டெஸ்ட் பத்து நிமிஷம் ஆயிற்றே. முதலாவது காதின் மேலேயே உட்கார்ந்தது, நாலு நிமிஷத்தில் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டாவது வெல்வெட் மெத்தை, சுகமாக இருந்தது, ஆனால் வெளியே கூவி விற்பவர்கள் குரலெல்லாம் தெளிவாக உள்ளே வந்தது. மூன்றாவது கனம், கழுத்து இழுத்தது. மூன்றாவதின் பத்தாவது நிமிஷத்தில் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், கானா சுன்னா ஹை யா ஷாதி கர்னி ஹை?" என்றார். பாட்டு கேட்கப் போகிறாயா, இதைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாயா என்று.

ரேகா சிரித்துக்கொண்டே என் காதைப் பார்த்தாள். "அரே, அந்தத் தோட்டக் கழட்டேன். திருகாணிதான் குத்துதோ என்னமோ."

"தோட்டக் கழட்டிரலாம். கண்ணாடியக் கழட்டுனா நோட்டே தெரியாதே. நாலாவது ஒண்ணு இருக்கு பாரு, அத எடு."

அந்த நாலாவதுதான். மெத்தை அகலம், காதைத் தொடாமல் சுற்றி உட்கார்ந்தது. கண்ணாடிக் கம்பி படுகிற இடத்தில் பஞ்சு கொஞ்சம் மிருதுவாக அமுங்கியது. வயர் இடது பக்கம் மட்டும், வலது கையால் எழுதுகிற எனக்கு நோட்டின் மேல் உரசாது. மூன்று மீட்டர் நீளம், மேஜைக்கடியில் இருக்கிற சிபியூவின் பின்பக்கம் வரை தாராளமாக எட்டும். முன்பக்க ஓட்டையில் சொருகினால் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு இரைச்சல் வரும். சாம்பிளை மாட்டிப் பார்த்துவிட்டு, எனக்குப் பிரிக்காத புதுப் பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய சாமானாக இருந்தால் நீங்கள் உடனே யாராவது ஒரு செத்துப்போன ஆளைக் கொண்டுவந்துவிடுவீர்கள். அது புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறையை வீட்டில் நானே பல்லால் கடித்துக் கிழித்தேன். வெயிலுக்கு ரெக்ஸின் வியர்க்கும் என்று பழைய காட்டன் துப்பட்டாவை வெட்டி மெத்தைக்கு உறை தைத்தேன். காதுத் தோட்டையும் கழற்றி வைத்தேன். வெறுங்காதோட நிக்காதத்தா என்று அம்மா இரண்டு நாள் புலம்பிவிட்டு விட்டுவிட்டாள்.

வாங்கி ஒரு வாரம் இருக்கும். அன்றைக்கு ரேகா வராத நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு டிக்டேஷனைப் போட்டு எடுத்தேன். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஸ்டெனோ வேலை தெரியாதவர்களுக்கு இது புரியாது. வேகம் வந்துவிட்டால் நாங்கள் எதையும் கேட்பதில்லை. காதில் விழும், கை எழுதும், நடுவில் நாம் இருக்கக் கூடாது. அர்த்தத்தை யோசித்தால் பின்தங்கிவிடுவோம். அதனால் பத்து நிமிஷம் முடிந்ததும் என்ன படித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அன்றைக்கும் அப்படித்தான். டைப் அடித்துக்கொண்டே போனேன், பத்தி விவசாயக் கடன் பற்றியது, முடிந்துவிட்டது, ஆனால் நோட்டில் அதற்கப்புறமும் முக்கால் பக்கம் இருந்தது. சரி என்று அதையும் அடித்தேன். அது ஒரு ஆபீஸ் கடிதம். மேற்படி கடிதம் தொடர்பாக, மூன்றாவது மாடி அறையின் ஜன்னல் பழுது குறித்துக் கீழே கையொப்பமிட்டவர் தெரிவிப்பது என்னவென்றால் என்று ஆரம்பித்து, ஒன்றையும் தெரிவிக்காமல் பாதியில் நின்றது.

ஆடியோவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். விவசாயக் கடன், பத்து நிமிஷம், டிக்டேஷன் முடிந்தது என்று ஒரு குரல், அவ்வளவுதான். ஜன்னலே இல்லை.

மறுநாள் ரேகா வந்ததும் ஒன்றும் சொல்லாமல் நோட்டைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அவளும் ஜன்னல் வரைக்கும் அப்படியே அடித்தாள். ஆக, நான் தப்பாகப் படிக்கவில்லை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டாள், கழற்றினாள்.

"குச் பி நஹி. ஒண்ணுமே இல்லடி. நீ பழைய பாசேஜ் எதையோ மனசுல வெச்சு எழுதிருக்க. தூங்கு கொஞ்சம்."

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. எங்களிடம் இருந்த பழைய பாசேஜ் அத்தனையும் தேடிப் பார்த்தோம், ஜன்னல் எதிலும் இல்லை. அதற்கு மேல் அவளிடம் பேசி என்ன ஆகப்போகிறது, பைத்தியம் என்பாள், விட்டுவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் நான் விவரமாகப் பேசியது அந்த ஒரு நாள் மட்டும்தான்.

அதற்கப்புறம் நான் தனியாக எடுக்கிற நாளெல்லாம் வந்தது. ரேகா கூட இருந்தால் வராது. கடிதம் விட்ட இடத்திலிருந்து தொடரும், சீரியல் மாதிரி. ஜன்னல் முடிந்து அறைக்கு நாற்காலி கேட்ட விவகாரம் ஆரம்பமாகியது. இரண்டு நாற்காலி கேட்டிருக்கிறார்கள், அதற்கு விளக்கம், அந்த விளக்கத்துக்கு விளக்கம், முன்பு கொடுத்த நாற்காலிகள் என்ன ஆயின என்று கேள்வி. சத்தியமாகச் சொல்கிறேன், பயமுறுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை கிடையாது. அரசாங்க ஆபீசில் தினம் போகிற வருகிற கடிதம் எப்படி இருக்குமோ அப்படி, கொட்டாவி வரும்.

பயந்தது எப்போது என்றால், கடைசியில் வந்துகொண்டிருந்தது நடுவில் வர ஆரம்பித்தபோது. டிக்டேஷனின் மூன்றாவது நிமிஷத்தில் ஒரு வரி, ஏழாவது நிமிஷத்தில் ஒரு வரி. சரி, அதை எழுதுகிற நேரத்தில் நிஜ டிக்டேஷன் விட்டுப்போயிருக்க வேண்டும் இல்லையா. ஒரு வார்த்தை விடவில்லை. முன்னாலும் பின்னாலும் பாசேஜ் முழுசாக இருக்கிறது, நடுவில் நாற்காலியும் இருக்கிறது. அதை எழுத என் கைக்கு ஏது நேரம்? அன்றைக்கு அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு ராத்திரி அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை, கூலர் காற்றுக்காக என்று நினைத்திருப்பாள். ஹெட்போனைப் பெட்டியில் போட்டு அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அப்பா டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல், "பாப்பா, இன்னைக்கு ஆபீஸ்ல ரிட்டயர்மென்ட் பேப்பர்லாம் குடுக்கச் சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நாற்காலிக் கடிதத்துக்குப் பயந்து மூன்று நாள் பிராக்டிஸ் செய்யாமல் இருந்திருக்கிறேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நூறு வார்த்தை டிக்டேஷனும் எடுத்து, அதற்கு மேல் அந்தக் கடிதத்தையும் என் கை எழுதுகிறது என்றால், என் வேகம் நூற்றுக்கும் மேலே போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இரண்டு வருடமாக நூறைத் தாண்ட முடியாமல் முட்டி மோதினவள் நான்.

மறுநாள் மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறி ஹெட்போனை இறக்கினேன். மாட்டிக்கொண்டு, மானிட்டரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். "நீ யாரா வேணா இருந்துட்டுப் போ. எனக்கு ஸ்பீடு வேணும். மெதுவா சொல்றதா இருந்தா சொல்லாத."

பக்கத்து அறையில் அம்மா, "யாருகிட்டத்தா பேசுற?" என்றாள்.

"போன்லம்மா. தூங்கு."

அதிலிருந்து ஜூன் முழுக்கவும் ஜூலை பாதி வரைக்கும் ஒரு நாள் விடவில்லை. கடிதம் வர வர எடுத்தேன். சிவப்புப் பென்சிலால் அந்த வரிகளை மட்டும் அடித்துவிட்டு மிச்சத்தை டைப் அடிக்கப் பழகினேன். இது எது, அது எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் முதலில் கஷ்டமாக இருந்தது, டெஸ்ட்டில் வந்துவிட்டால் அதைச் சேர்த்து அடித்துவிடக் கூடாதே. போகப் போக வாசனை பிடிபட்டுவிட்டது. எங்கே நாற்காலி வருகிறதோ அது அவர்களுடையது. அவர்கள் என்றுதான் சொல்கிறேன், யார் என்று எனக்குத் தெரியாது. குரல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஒரு தடவைகூட எனக்குக் குரல் கேட்டதில்லை, கை எழுதியிருக்கும், நோட்டில் இருக்கும், அவ்வளவுதான். நூற்றுப் பத்து வேக டிக்டேஷனை இரண்டே பிழையில் எடுத்த அன்று ரேகா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடி? ஒரு மாசத்துல எப்படி?"

"ஹெட்போன்" என்றேன். பாதி உண்மைதானே.

டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரேகாவுடைய ஹெட்போன் ஒரு பக்கம் கேட்காமல் போய்விட்டது. என்னுடையதை நாலு நாளைக்குக் கேட்டாள். கொடுக்காமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது, ஒரே ஒரு காரணத்தைத் தவிர, அதைச் சொன்னால் டெஸ்ட் நேரத்தில் அவளைக் குழப்பின மாதிரி ஆகும். அப்படி நினைத்துக்கொண்டேன். நிஜமாக யோசித்தால், எனக்கு வேகம் எங்கேயிருந்து வந்தது என்பதைச் சொல்ல மனசு வரவில்லை என்பதும் அதில் சேர்ந்திருந்தது. கொடுத்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டேன்.

"எக்ஸ்ட்ரா ஏதாச்சும் வந்துச்சா?"

"எக்ஸ்ட்ராவா? அரே, அந்த ஜன்னல் மேட்டரா? நீ இன்னும் அதுலயேவா இருக்க? ஒண்ணும் வரல. ஆனா செம்ம கம்ஃபர்ட்டபிள்டி, காதுல இருக்கறதே தெரியல."

அப்பாடா என்று இருந்தது.

டெஸ்ட் அன்று எனக்கும் அவளுக்கும் ஒரே சென்டர், ஒரே பேட்ச், இரண்டு வரிசை தள்ளி அவள். சென்டரில் கொடுத்த ஹெட்போன் போன வருடம் மாதிரியே பெரிய இறுக்கமான சாமான், ஆனால் என் மண்டை பழகியிருந்தது, வலி தெரியவில்லை. பத்து நிமிஷம் போனதே தெரியாமல் கை ஓடியது. நோட்டைத் திருப்பி டைப் அடிக்க ஆரம்பித்தேன். சிறு ஊர்களில் பொது நூலகங்கள் பற்றிய பாசேஜ். கட்டடம், புத்தகம், படிக்க வருபவர்கள் என்று போய்க்கொண்டிருந்தது, நாலாவது பக்கத்தின் நடுவில் இந்த வரி. தற்போதைக்கு ஒரு நாற்காலி மட்டுமே அனுமதிக்க இயலும், இரண்டாவது கோரிக்கையை அடுத்த ஆண்டு மறுபடியும் சமர்ப்பிக்கலாம்.

என் ஹெட்போன் வீட்டில் இருக்கிறது. இது வேறு ஹெட்போன், வேறு கம்ப்யூட்டர், வேறு ஊர் மாதிரி ஒரு கட்டடம். இருந்தும் வந்திருக்கிறது. வந்ததும் எங்கே வந்திருக்கிறது பாருங்கள், நூலகம் பற்றிய பாசேஜில் நாற்காலி இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நிஜமாகவே படித்திருந்தால், அதை விட்டால் ஒரு முழு வரிக்கும் பிழை. படிக்காததாக இருந்தால், சேர்த்தால் பிழை. மானிட்டர் மூலையில் நேரம் ஓடுகிறது. அரை நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூலகத்துக்கு நாற்காலி வேண்டுமென்றால் ஐம்பது வேண்டும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் யார் பேரம் பேசுவார்கள் என்று தோன்றியது. இரண்டு மாதமாக இவர்கள் பேசுவதை எழுதியவள் நான், எனக்குத் தெரியும். பென்சிலால் அந்த வரியை ஓங்கி அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். ரேகா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் வந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, கோவிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

வெளியே வந்தபோது அவள் குதித்துக்கொண்டு வந்தாள். எளிது, ஒரு வார்த்தை விடவில்லை என்றாள். இரண்டு பேரும் சென்டர் வாசலுக்கு எதிரே குல்ஃபி சாப்பிட்டோம்.

ரிசல்ட்டில் நான் தேறினேன். ரேகா இல்லை. கொஞ்சத்தில் போயிற்று. என் வீட்டில் அம்மா அழுதாள், அப்பா போய் ஜிலேபி வாங்கிவந்தார். ரேகா போனில் என்னை வாழ்த்திவிட்டு, உடனே வைத்துவிட்டாள். நானும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. பதினைந்து நாள் கழித்து, டெஸ்ட்டில் படித்த பாசேஜை இணையத்தில் போட்டார்கள். அன்று சாயங்காலமே அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றியதும் மொபைலை என் முன்னால் நீட்டினாள்.

"இதப் பாரு. நடுவுல ஒரு லைனையே காணோம். நாற்காலி பத்தி ஒரு லைன் வந்துச்சுல்ல, ஒண்ணுதான் குடுப்போம், இன்னொண்ணு அடுத்த வருஷம்னு? அது இதுல இல்ல. நான் எழுதி டைப்பும் பண்ணேன். எக்ஸ்ட்ரான்னு அதுக்குப் பிழை போட்டுருக்காங்க. அந்த ஒரு லைன் இல்லன்னா நான் பாஸ் மலர்."

நான் திரையைப் பார்த்தேன். கட்டடம், புத்தகம், படிக்க வருபவர்கள். நாற்காலி இல்லை. நான் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தது சரிதான் என்று தெரிந்த அந்த நொடியில் எனக்குச் சந்தோஷம் வந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"நான் கம்ப்ளெயின்ட் போடப்போறேன்" என்றாள். "அவங்க மாத்தி அப்லோடு பண்ணிட்டாங்க. நீயும் கேட்டேல்ல? உன் பேரையும் சாட்சிக்கு எழுதிக்கட்டுமா?"

கேட்டேன் என்று சொன்னால், பிறகு ஏன் நீ டைப் அடிக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். என் நோட்டை எடுத்துப் பார்ப்பார்கள், கோடு போட்டு அடித்த வரி அதில் இருக்கும். எதற்கு அடித்தாய், உனக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பார்கள். சமையலறையில் அப்பா ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கு ஞாபகம் இல்ல ரேகா" என்றேன். "நமக்கு என்ன ஞாபகம் இருக்கும், கை எழுதிச்சு, அவ்வளவுதான்."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாக.

"அது எப்படி ஞாபகம் இல்லாமப் போகும்? மத்ததெல்லாம் அந்த ஆம்பள குரல். அந்த ஒரு லைன் மட்டும் உன் குரல்லதானே வந்துச்சு. உன்னை மாதிரியே யாரோ பேசறாங்கன்னு நான் சிரிப்ப அடக்கிக்கிட்டுதான் எழுதினேன்."

அவள் கம்ப்ளெயின்ட் போட்டாள், வேறு யாரும் அப்படி ஒரு வரி கேட்டதாகச் சொல்லவில்லை என்று பதில் வந்தது. நான் வேலையில் சேர்ந்தேன், அப்பா ரிட்டயர் ஆனார், என் பெயரில் சின்னதாக ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்து மூன்று பேரும் அதில் இருக்கிறோம். ஆபீசில் டிக்டேஷன் எடுக்கிறேன், ஒரு நாளும் கூடுதலாக எதுவும் வரவில்லை. ரேகாவுக்கு அடுத்த மாதம் டெஸ்ட், அவளுக்கு அதுதான் கடைசி. அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நாற்காலி வந்தால் கோடு போட்டு அடித்துவிடு என்று சொன்னால் போதும், அவள் தேறிவிடுவாள். உங்களிடம் இவ்வளவையும் சொன்னது, சொல்ல வருகிறதா என்று பார்க்கத்தான். உங்களிடம் வருகிறது. அவள் எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்கப் போகும்போதுதான், என் வாயிலிருந்து அந்த நாற்காலி வரி வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொள்கிறேன்.